பனிக்காலத்துக்கு முன் படகு எஞ்சினை ஏன் வடிக்கிறார்கள்?

போன தீபாவளிக்கு முந்தின வாரம் என் அக்கா மகன் கனடாவிலிருந்து கூப்பிட்டான். ஒன்டாரியோ மாகாணத்தில் ஏரிக்கரையில் இருக்கும் ஒரு படகுத்துறையில் அவன் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. “மாமா, இங்க எல்லாப் படகையும் தண்ணியிலிருந்து தூக்கிட்டாங்க. எஞ்சினுக்குள்ள ரோஸ் கலர்ல என்னமோ ஊத்தச் சொல்றாங்க. நானும் ஊத்துறேன். எதுக்குன்னுதான் தெரியல,” என்றான்.

அவன் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் வளர்ந்த பையன். நான் அங்கே அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்பலகையில் தொங்கும் எஞ்சின், பழுது பார்க்கிறேன். பள்ளி விடுமுறை விட்டால் என் கடைக்கு வந்து ஸ்பானர் எடுத்துக் கொடுப்பான், பழைய கியர் ஆயிலைத் தகரத்தில் பிடிப்பான். எஞ்சின் அவனுக்குப் புதிது இல்லை. குளிர்தான் புதிது. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான். அதுவும் 1978-இல், கேமரன் மலையில். பினாங்கில் தண்ணீர் உறைய வேண்டுமென்றால் ஐஸ் தொழிற்சாலைக்குத்தான் போக வேண்டும்.

அவனுக்குப் போனில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலர் இப்போது குளிர் நாடுகளில் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பயன்படும். இன்னொரு காரணமும் உண்டு. பனிக்காலத்துக்கு முன் அவர்கள் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் பினாங்குப் படகுக்கும் தேவை. இங்கே அதை யாரும் செய்வதில்லை. எஞ்சின் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம் என்பதை நான் தினமும் கடையில் பார்க்கிறேன்.

முதலில் படகு எஞ்சின் எப்படிக் குளிர்கிறது என்று தெரிந்துகொள்வோம். காரில் ரேடியேட்டர் இருக்கிறது. அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும், முன்னால் வீசும் காற்று அதைக் குளிர்விக்கும். படகைச் சுற்றியோ தண்ணீர் கிடக்கிறது, அதனால் பெரும்பாலான படகு எஞ்சின்களுக்கு ரேடியேட்டர் கிடையாது. அவுட்போர்டின் கால் பகுதியில், புரொப்பெல்லருக்குக் கொஞ்சம் மேலே, சல்லடை போலத் துளைகள் இருக்கும். அதன் வழியாகக் கடல் தண்ணீரையோ ஏரித் தண்ணீரையோ ஒரு சின்ன பம்ப் உறிஞ்சி மேலே அனுப்பும். பம்புக்குள் சுழல்வது ரப்பரால் ஆன இம்பெல்லர். மேலே போன தண்ணீர் சிலிண்டர்களைச் சுற்றியுள்ள குறுகலான வழிகளில் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு சேர்ந்து வெளியேறிவிடும். அதில் கொஞ்சம் மட்டும் எஞ்சின் பக்கத்தில் ஒரு சின்னத் துளை வழியாகப் பீய்ச்சி அடிக்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் மீனவர்கள் திரும்பிப் பார்ப்பது அதைத்தான். தண்ணீர் வந்தால் சரி, வராவிட்டால் உடனே நிறுத்த வேண்டும்.

ஆக, எஞ்சின் ஓடும்போது அதன் வயிற்றுக்குள் வெளித்தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறுத்திய பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? இந்தக் கேள்விதான் முழு விஷயத்துக்கும் திறவுகோல்.

குளிர் நாட்டில் அது உள்ளேயே தங்கினால் உறையும். பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீரும் 4 டிகிரி வரை சுருங்கத்தான் செய்கிறது, அதற்குக் கீழே போனால் விரியத் தொடங்குகிறது. உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஐஸாகும்போது அதற்கு 1.09 லிட்டர் இடம் வேண்டும். ஐஸ் ட்ரேயில் தட்டையாக ஊற்றிய தண்ணீர் மறுநாள் நடுவில் மேடிட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மேடுதான் இந்த 9 சதவீதம். ட்ரேயில் மேல்பக்கம் திறந்திருக்கிறது, அதனால் கேடு இல்லை. மூடிய இரும்புக் குழிக்குள் அந்தத் தண்ணீர் எங்கே மேடிடும்? மைனஸ் 10 டிகிரியில் அடைபட்ட ஐஸ், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்கு வரை தள்ளும் வலிமை கொண்டது. வார்ப்பிரும்பு நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. உள்ளேயிருந்து தள்ளினால் அது நெளியாது, நேராக விரிசல் விடும்.

கொடுமை என்னவென்றால், விரிசல் விட்டது யாருக்கும் தெரியாது. ஐஸே அடைப்பான் போல அதை மூடிக்கொண்டு நிற்கும். ஏப்ரல், மே மாதம் ஐஸ் உருகி, எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போதுதான் தண்ணீர் கசியும், அல்லது எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். அப்போது பிளாக்கையே, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சினின் உடலையே, மாற்ற வேண்டியதுதான். ஒரு வாளித் தண்ணீரை வடிக்காமல் விட்டதற்கு அவ்வளவு பெரிய விலை.

எல்லா எஞ்சினுக்கும் ஆபத்து ஒரே அளவு இல்லை. நம் ஊரில் அதிகம் பார்ப்பது அவுட்போர்டு. அதை நிமிர்த்தி நேராக வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் தானாகவே கீழே வடிந்துவிடும். குளிர் நாட்டில் அவுட்போர்டுக்காரர்களுக்கு வேலை குறைவு. ஆனால் நேராக வைக்க வேண்டும் என்பது கட்டாயம். நம் பழக்கம்போல எஞ்சினைத் தூக்கிச் சாய்த்து வைத்தால், புரொப்பெல்லரின் நடுவில் புகை வெளியேறும் ஓட்டை வானத்தைப் பார்க்கும். மழையும் பனியும் அதில் இறங்கி, உள்ளே தேங்கி, உறைந்துவிடும். “மாமா, இங்க ஒருத்தர் சாய்ச்சு வெச்சிருந்தார், எங்க சூப்பர்வைசர் ஓடிப் போய் இறக்கினார்,” என்று அவன் சொன்னது இதற்காகத்தான்.

உண்மையான தலைவலி படகுக்குள் உட்கார்ந்திருக்கும் எஞ்சின்தான். அது பெரும்பாலும் கார், லோரி எஞ்சினைப் படகுக்கு ஏற்றபடி மாற்றியது. பெரிய வார்ப்பிரும்பு பிளாக். நிறுத்தினால் தண்ணீர் தானாக வடியாது. பிளாக்கின் இரண்டு பக்கமும், புகை வெளியேறும் மேனிஃபோல்டுகளிலும், தண்ணீர் பம்பிலும், ஹோஸ்களின் தாழ்வான வளைவுகளிலும் தங்கிவிடும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு வடிகால் பிளக் இருக்கும். அத்தனையையும் கழற்ற வேண்டும். எத்தனை, எங்கே என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். அந்த எஞ்சினின் கையேட்டைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. எட்டில் ஏழைக் கழற்றி ஒன்றை விட்டாலும், அந்த ஒன்று இருக்கும் இடத்தில் பிளாக் வெடிக்கும்.

இங்கே அவனிடம் நான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னேன். பிளக்கைக் கழற்றினாய், தண்ணீர் வரவில்லை. உள்ளே தண்ணீர் இல்லை என்று நினைக்காதே. பழைய எஞ்சினில் துருவும் மணலும் சேறும் அடியில் படிந்து, அந்த ஓட்டையை உள்ளேயிருந்து அடைத்திருக்கும். மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் குத்து, நாலைந்து தடவை திருகு. அவன் மறுநாளே ஒரு வீடியோ அனுப்பினான். பிளக் கழற்றிய ஓட்டை காய்ந்து கிடக்கிறது. கோட் ஹேங்கர் கம்பியை நிமிர்த்தி உள்ளே விடுகிறான். ஒன்று, இரண்டு, மூன்றாவது குத்தில் ஒரு துண்டுத் துரு கழன்று விழுகிறது, பின்னாலேயே செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டுகிறது. கொட்டிக்கொண்டே இருக்கிறது. அவன் கை நடுங்குவது வீடியோவிலேயே தெரிந்தது. குளிரால் இல்லை. இரண்டு லிட்டருக்கு மேல் இருக்கும் என்றான். ஓட்டையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் அவ்வளவும் உள்ளேயே உறைந்திருக்கும்.

சில படகுகளில் காரைப் போலவே கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் தனியாகச் சுற்றும், வெளித்தண்ணீர் பக்கத்தில் இன்னொரு பாதையில் ஓடி அந்தக் கூலன்ட்டைக் குளிர்விக்கும். அதில் வெளித்தண்ணீர் ஓடும் பாதையை மட்டும் வடித்தால் போதும். கூலன்ட்டின் வலு அந்த ஊர்க் குளிருக்குப் போதுமா என்று மட்டும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சரி, அந்த ரோஸ் நிறத் தண்ணீர் என்ன? அதன் பெயர் புரோப்பிலீன் கிளைக்கால். தண்ணீரோடு கலந்தால் தண்ணீரைச் சுலபத்தில் உறைய விடாது. அந்தக் காலத்தில் ஐஸ்கிரீம் செய்பவர்கள் டப்பாவைச் சுற்றி ஐஸ் போட்டு அதன் மேல் உப்பைத் தூவுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? உப்பு கலந்த தண்ணீர் சைபருக்குக் கீழேயும் நீராகவே இருக்கும் என்பதுதான் அதன் சூட்சுமம். கிளைக்கால் செய்வதும் அதே வேலைதான், இரும்பை அரிக்காமல். எஞ்சினை வடித்த பிறகு, வடியாமல் ஏதாவது மூலையில் ஒரு கை தண்ணீர் நின்றிருந்தால் அதோடு கலந்து காப்பாற்றட்டும் என்றுதான் இதை ஊற்றுகிறார்கள். எஞ்சின் இதை உறிஞ்சி, புகைவாயில் ரோஸ் நிறமாகக் கக்கும் வரை ஊற்ற வேண்டும்.

இதில் இரண்டு தப்பு சகஜம். வடிக்காமலே நேராக ஊற்றுவது முதல் தப்பு. உள்ளே கிடக்கும் தண்ணீரோடு கலந்து மருந்து நீர்த்துப்போகும். எஞ்சின் சூடானால்தான் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு ஒன்று இருக்கிறது, தெர்மோஸ்டாட் என்று பெயர். எஞ்சின் சூடாகாவிட்டால் அது திறக்காது, பிளாக்கின் பெரிய பகுதிக்கு மருந்து போய்ச் சேரவே சேராது. வெளியே ரோஸ் நிறம் வந்துவிட்டது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். இரண்டாவது தப்பு, டப்பாவில் இருக்கும் எண்ணை நம்புவது. அங்கே கிடைக்கும் சாதாரண வகையில் மைனஸ் 50 என்று போட்டிருக்கும். அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 46 டிகிரி. அதுவும் குழாய் வெடிக்காமல் இருக்கும் எல்லையைச் சொல்கிறது. அந்த மருந்து அதற்கு வெகு முன்னரே குழைய ஆரம்பித்துவிடும். கடுங்குளிர் அடிக்கும் ஊர்களில் இன்னும் வலுவான வகையைத்தான் வாங்க வேண்டும்.

காருக்கு ஊற்றும் பச்சைக் கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். அது விஷம், அதோடு இனிப்பாகவும் இருக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும். வசந்தத்தில் எஞ்சினை ஓட்டும்போது இந்த மருந்து நேராக ஏரியில்தான் போய் விழும். அதனால் படகில் எத்திலீன் வகையை ஊற்றவே கூடாது. ரோஸ் நிறத்தையும் முடிந்தவரை ஒரு வாளியில் பிடிப்பதுதான் நல்லது. அந்த ஏரியில் மீன் இருக்கிறது, அதைத் தின்னும் மனிதர்களும் இருக்கிறார்கள்.

தண்ணீர் ஒளிந்துகொள்ளும் இன்னொரு இடம் எஞ்சினின் கால், அதாவது புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் கியர் பெட்டி. இதைப் பற்றி நான் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன், ஏனென்றால் பினாங்கில் என்னிடம் வரும் எஞ்சின்களில் அதிகம் பார்ப்பது இந்தக் கேடுதான். கியர் பெட்டியில் தண்ணீர் இருக்கக் கூடாது, கியர் ஆயில் மட்டும்தான் இருக்க வேண்டும். புரொப்பெல்லர் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் தண்ணீரைத் தடுக்கிறது. மீன் பிடிக்கும்போது அறுந்துபோன நைலான் தூண்டில் நூல் புரொப்பெல்லரில் சுற்றும், சுற்றிச் சுற்றி உள்ளே போய்த் தண்டில் இறுகி, அந்தச் சீலைக் கத்தி போல அறுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. புரொப்பெல்லரைக் கழற்றினால்தான், தண்டின் அடியில் சின்ன மோதிரம் போல நூல் சுருண்டு கிடப்பது தெரியும். நான் கத்தி முனையால் அதை எடுத்து வாடிக்கையாளர் கையில் கொடுப்பேன். இவ்வளவு சின்ன நூலா என்பார்கள்.

சோதிப்பது எளிது. கீழ் ஸ்குரூவைக் கழற்றி, அப்புறம் மேல் ஸ்குரூவைக் கழற்றினால் ஆயில் இறங்கும். தேன் நிறத்தில், கறுப்பாக, அல்லது புதிதாக ஊற்றியபோது இருந்த நிறத்தில் வந்தால் சரி. தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம், சீல் போய்விட்டது. இங்கே அதன் விளைவு பல மாதம் கழித்துத் தெரியும்: பேரிங் துருப்பிடிக்கும், கியர் பல் தேயும். ஒன்டாரியோவில் ஒரே இரவில் தெரியும். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, அடியில் தங்கி உறைந்து, அலுமினியப் பெட்டியையே பிளந்துவிடும். அதனால்தான் அங்கே கியர் ஆயிலைப் பனிக்காலத்துக்கு முன்பே மாற்றுகிறார்கள், வசந்தம் வரட்டும் என்று தள்ளிப் போடுவதில்லை. புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாக ஏற்ற வேண்டும். மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் வழிந்ததும், மேலே மூடிவிட்டு அப்புறம் கீழே மூட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கிக்கொள்ளும், பெட்டி நிறைந்தது போலத் தெரிந்தாலும் பாதிதான் இருக்கும். வாஷரையும் புதிதாகப் போட வேண்டும், சில காசுதான்.

இதுவரை சொன்னது தண்ணீர் உறைவதைப் பற்றியது. இனி சொல்லப்போவதற்கும் குளிருக்கும் பெரிய சம்பந்தமில்லை. ஆறு மாதம் ஓடாமல் நிற்கும் எந்த எஞ்சினுக்கும் இது பொருந்தும்.

பெட்ரோல் கெட்டுப்போகும் பொருள். அதன் லேசான பகுதி ஆவியாகும், மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம் கார்பரேட்டர். அதன் அடிக்கிண்ணத்தில் ஒரு கரண்டி பெட்ரோல்தான் நிற்கும். அது மெல்ல வற்றி, குலா மெலாக்கா வெல்லம் போலப் பழுப்பாக அடியில் ஒட்டிவிடும். பெட்ரோல் ஏறும் ஜெட்டின் துளையோ ஊசி முனை அளவு. அதில் பிசின் கொஞ்சம் படிந்தாலும் எஞ்சின் இழுத்து இழுத்து நின்றுவிடும். வட அமெரிக்காவில் பெட்ரோலில் 10 சதவீதம் அளவுக்கு எத்தனால் கலந்திருப்பது சகஜம். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால், தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டாங்கின் அடியில் தனியாக நிற்கும். எஞ்சினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதான்.

இதற்கு அவர்கள் செய்வது எளிய காரியம். புதுப் பெட்ரோல் போட்டு, எரிபொருள் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் மருந்தை டப்பாவில் சொன்ன அளவில் கலந்து, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டுகிறார்கள். அந்தப் பத்து நிமிடம் முக்கியம். மருந்து டாங்கில் மட்டும் இருந்தால் போதாது, கார்பரேட்டர் வரை வந்து சேர வேண்டும். டாங்கைக் கொஞ்சம் இடம் விட்டுக் கிட்டத்தட்ட நிரப்பி வைப்பார்கள். காலி இடம் அதிகமானால் அங்கே ஈரக்காற்று புகுந்து, இரவில் டாங்கின் சுவரில் வியர்த்து, சொட்டாக இறங்கும்.

அடுத்தது சிலிண்டர். பிஸ்டன் உரசும் சுவர் பளபளப்பான வெற்று உலோகம். எஞ்சின் ஓடும்போது அதன் மேல் எண்ணெய்ப் படலம் இருக்கும். நின்றால் மெல்ல வழிந்து கீழே இறங்கிவிடும், ஈரக்காற்று பட்டுத் துருப்பிடிக்கும், பிஸ்டன் வளையம் ஒட்டிக்கொள்ளும். இதைத் தடுக்க ஸ்பிரே டப்பாவில் ஒரு பிசுபிசுப்பான எண்ணெய் விற்கிறார்கள், ஃபாகிங் ஆயில் என்று பெயர். எஞ்சின் ஓடும்போதே காற்று நுழையும் வாயில் அடிப்பார்கள். வெள்ளைப் புகை மண்டி, எஞ்சின் தடுமாறும். அப்போது நிறுத்தினால் உள்ளே எல்லா இடத்திலும் எண்ணெய் படிந்திருக்கும். கார்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக அடித்துவிட்டு, ஃப்ளைவீலைக் கையால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் போதும். எஞ்சின் ஆயில் பெட்ரோலோடு கலக்காமல் தனியாக இருக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினாக இருந்தால் அந்த ஆயிலையும் நிறுத்துவதற்கு முன்பே மாற்ற வேண்டும். பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். அதோடு எஞ்சினை ஆறு மாதம் ஊறவிடுவது சரியில்லை.

பேட்டரிக்கு இரண்டே வரி. முழுச் சார்ஜில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது, காலியான பேட்டரி மைனஸ் 10-க்குப் பக்கத்திலேயே உறைந்துவிடும். கழற்றி, சார்ஜ் ஏற்றி, வீட்டுக்குள் வைத்துவிட்டால் கவலை இல்லை.

இனி நம் ஊர். பினாங்கில் தண்ணீர் உறையாது, ஆனால் உள்ளே தங்கிய தண்ணீர் இங்கேயும் எஞ்சினைக் கொல்கிறது. ஐஸ் செய்யும் வேலையை இங்கே உப்பு செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் 30 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். கரைக்கு வந்து எஞ்சினை நிறுத்தியதும், சூடான பிளாக்கின் சுவரில் ஒட்டிய ஈரம் ஆவியாகும், உப்பு அங்கேயே நின்றுவிடும். ஒரு நாள் ஒன்றும் ஆகாது. மறுபடி ஓட்டினால் பெரும்பகுதி கரைந்து போய்விடும். வாரக்கணக்கில் நின்றால்தான் இறுகி, அடியில் அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும்.

இது எனக்கே நடந்தது. 2020 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை. பத்து மவுங் பக்கம் மீன் பிடிக்கப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் திரும்பினேன். நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம் என்று 15 குதிரைத்திறன் எஞ்சினை அப்படியே கம்போங்கில், அதாவது கிராமத்தில், நண்பர் வீட்டுக் கொட்டகையில் விட்டேன். திங்கட்கிழமை கடையில் வேலை நெருக்கியது, அன்று இரவே கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவித்தார்கள். புதன்கிழமை நாடே அடைத்துவிட்டது. அந்தக் கொட்டகைக்கு நான் மறுபடி போக மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. எஞ்சின் ஸ்டார்ட் ஆனது, ஆனால் பக்கத்துத் துளையில் தண்ணீர் வரவில்லை. உடனே நிறுத்திவிட்டுக் கழற்றினேன். தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தபோது உள்ளே கெட்டிலின் அடியில் படியும் சுண்ணாம்பு போல, சாம்பல் வெள்ளையில், நகத்தால் சுரண்டினாலும் பெயராத ஒரு பொருக்கு. தெர்மோஸ்டாட் வால்வு அதில் புதைந்து அசையாமல் நின்றது. மூடியைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டில் ஒன்று திருகும்போதே முறிந்தது. இதையே தொழிலாகச் செய்கிறவன் நான். பத்து நிமிடம் நல்ல தண்ணீர் ஓட்டியிருந்தால் அது நடந்திருக்காது. அந்த முறிந்த போல்ட்டை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்குக் காட்டுவதற்காக.

அந்தப் பத்து நிமிட வேலை இதுதான். தண்ணீர் ஹோஸில் மாட்டும் இரண்டு ரப்பர் கிண்ணங்கள் கடையில் கிடைக்கும், காதுக்கு வைக்கும் ஹெட்ஃபோன் மாதிரி இருக்கும். எஞ்சின் காலில் தண்ணீர் உறிஞ்சும் துளைகளின் மேல் அவற்றை மாட்டி, முதலில் குழாயைத் திற, அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் செய். வரிசை மாறக் கூடாது. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் இம்பெல்லர் ரப்பர் சிறிது நேரத்திலேயே கருகிவிடும். சின்ன எஞ்சின் என்றால் பெரிய தண்ணீர் ட்ரம்முக்குள் காலை இறக்கி ஓட்டலாம். தெர்மோஸ்டாட் திறந்து வெதுவெதுப்பான தண்ணீர் வரும் வரை ஓட வேண்டும், அப்போதுதான் பிளாக் முழுக்கக் கழுவப்படும். பிறகு எஞ்சினை நேராக நிறுத்தி வடியவிட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் தொடமாட்டோம் என்று தெரிந்தால் கார்பரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்குரூவைத் திறந்து பெட்ரோலையும் வடித்துவிடுங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பலர் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, தானாக நிற்கும் வரை ஓட விடுகிறார்கள். டூ ஸ்ட்ரோக்குக்கு எண்ணெயே பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் தீரும் அந்தக் கடைசி நிமிடத்தில் எஞ்சின் எண்ணெய் இல்லாமல் ஓடும். ஸ்குரூவைத் திறந்து வடிப்பதே நல்லது.

நம் பெட்ரோலில் எத்தனால் இல்லாதது ஒரு நிம்மதி. டீசல்காரர்களுக்கு அந்த நிம்மதி இல்லை. 2019 முதல் வாகன டீசலில் 10 சதவீதம் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலக்கிறார்கள். பயோடீசல் சாதாரண டீசலைவிட அதிகம் ஈரம் பிடிக்கும். நீண்ட நாள் நின்ற டாங்கில் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் நுண்ணுயிர் வளர்ந்து, கறுப்புக் கொழகொழப்பாக ஃபில்டரை அடைக்கும். டாங்கை நிரப்பி வைப்பதும், ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடிப்பதும்தான் வழி.

பினாங்கில் நான்கைந்து மாதம் ஒரேயடியாகப் படகை நிறுத்தும் வழக்கம் இல்லை. சுமத்ரா தீவு நமக்கு மறைப்பாக நிற்கிறது. மலேசியாவின் கிழக்குக் கரைக்காரர்கள் நிலைமை வேறு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும், பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் தங்குவிடுதிகள் அந்த மாதங்களில் மூடிவிடும், படகுகள் கரையேறிவிடும். கனடாவின் பனிக்காலமும் அதே மாதங்கள்தான். கிழக்குக் கரையில் உறவினர் படகு வைத்திருந்தால், பிளாக் வடிப்பதையும் ரோஸ் மருந்தையும் தவிர மேலே சொன்ன அத்தனையும் அவர்களுக்கு அப்படியே பொருந்தும். எஞ்சின் காலில் ஒட்டியிருக்கும் துத்தநாகக் கட்டியையும் அந்த நேரத்தில் பாருங்கள். எஞ்சினுக்குப் பதிலாகத் தான் கரைந்து போவதற்காகவே வைத்த உலோகம் அது. பாதி கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். அதன் மேல் அழகுக்குப் பெயின்ட் அடித்து வைப்பவர்கள் உண்டு. அடித்தால் அது வேலை செய்யாது.

அக்கா மகனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். கழற்றிய வடிகால் பிளக்குகளை எங்கே வைத்தாய்? எஞ்சின் மேலேயே ஓரமாக வைத்திருக்கிறேன் என்றான். மே மாதம் அந்தப் படகைத் தண்ணீரில் இறக்கப் போவது நீயாக இருக்காது, வேறு யாராவதாக இருக்கலாம். அவருக்குப் பிளக் கழன்றிருப்பது தெரியாது. எஞ்சினை ஸ்டார்ட் செய்த நிமிடமே ஏரித் தண்ணீர் படகுக்குள் கொட்டும். அத்தனையையும் எண்ணி ஒரு பையில் போட்டு, சாவியோடு சேர்த்துக் கட்டு என்றேன். அன்று இரவே படம் அனுப்பினான். ஸ்டியரிங்கில் சாவி, சாவியில் ஜிப் பை, பைக்குள் எட்டுப் பித்தளை பிளக், மேலே ஆங்கிலத்தில் எண்ணிக்கையும் தேதியும். அதற்குக் கீழே, எனக்காக, தமிழில் “மாமா, எட்டு” என்று எழுதியிருந்தான்.